லாரி மெக்கானிக்குக்கும் ஒரு தகுதித் தேர்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாமக்கல்லில் கனரக வாகனங்களைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 1989-ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினான்கு வயதில் ஒரு லாரிப் பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவன். அன்று முதல் இன்றுவரை வேறு வேலை பார்த்ததில்லை. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே சரிவாக இறங்கும் தொப்பூர் கணவாயில் லாரி விபத்து என்று தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் அதை இரண்டு முறை படிப்பது என் வழக்கம். ஓட்டுநர் வேகமாக வந்தாரா, கண் அயர்ந்தாரா, டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினாரா என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். "பிரேக் பிடிக்காததால்" என்ற சொல்லும் தவறாமல் இருக்கும். அந்தப் பிரேக்கைக் கடைசியாகக் கழற்றி மாட்டியவர் யார், அந்த வேலையை அவர் எங்கே, யாரிடம் கற்றார் என்பதை மட்டும் யாரும் கேட்டு நான் படித்ததில்லை. அந்தக் கேள்வியை என் தொழிலில் இருப்பவர்களில் ஒருவனாக நானே எழுப்ப விரும்பித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

லாரியின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் பெடலை மிதித்தால் தொட்டியில் இருக்கும் அழுத்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சேம்பர் என்னும் காற்று அறைக்குள் போய் டயாபிரம் என்னும் ரப்பர் தட்டைத் தள்ளும். டயாபிரம் ஒரு ராடை வெளியே தள்ளும். ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் கையைத் திருப்ப, அதனோடு இணைந்த தண்டின் முனையில் ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்திருக்கும் கேம் திரும்பி, இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய, அதே பிடிப்புக்கு ராடு இன்னும் கொஞ்சம் தூரம் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் ராடு வருவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெரிய லாரிகளின் பின் அச்சில் பரவலாகக் காணப்படும் 30-ஆம் அளவுச் சேம்பரில் ராடு மொத்தமே இரண்டரை அங்குலம்தான் வெளியே வரும். முழு மிதியில் இரண்டு அங்குலத்தைத் தாண்டி வந்தாலே அந்தச் சக்கரத்தைச் சரிசெய்யாமல் வண்டியை அனுப்பக் கூடாது.

சமதளத்தில், டிரம் குளிர்ந்திருக்கும்போது, இரண்டேகால் அங்குலம் வரும் ராடும் வண்டியை நிறுத்திவிடும். ஓட்டுநருக்குக் குறை எதுவும் தெரியாது. அதே வண்டி முழு லோடோடு தொப்பூரில் இறங்கும்போது, தொடர்ந்து பிரேக்கை மிதிப்பதால் டிரம் சூடேறி விரிகிறது. டிரம் விரிந்தால் லைனிங்குக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. ராடு இன்னும் வெளியே வரப் பார்க்கிறது, ஆனால் வர இடமில்லை. காற்று மானியில் அழுத்தம் முழுதாக இருக்கும், பெடல் காலடியில் வழக்கம்போல இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. ஓட்டுநர் காவல் துறையினரிடம் "சார், மிதிச்சேன், பிடிக்கலை" என்று சொல்வது பெரும்பாலும் உண்மை என்பதே என் அனுபவம். அந்த உண்மைக்கான காரணம் கணவாயில் உண்டானதல்ல, அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஏதோ ஒரு பட்டறையில், ஏதோ ஓர் இரவில், வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஒருவர் அளக்காமல் விட்ட கால் அங்குலத்தில் அது தொடங்கியிருக்கலாம்.

அப்படி அளக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். பழைய வண்டிகளில் வேலை கற்ற எங்களுக்கு, பிரேக் தளர்ந்தால் ஸ்லாக் அட்ஜஸ்டரின் போல்ட்டைத் திருகி லைனிங் டிரம்மில் தொடும்வரை கொண்டுபோய், பிறகு அரைச் சுற்றுக்குள் தளர்த்திவிட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார். அந்த வண்டிகளுக்கு அது சரியான முறை. பின்னால், தேய்மானத்துக்கு ஏற்ப தானாகவே இறுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர்கள் வந்தன. பார்வைக்குப் பழையதன் சாயலில்தான் இருந்தன, அவற்றிலும் திருகுவதற்கு ஒரு போல்ட் இருந்தது. ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் புறப்படும் வண்டி இரவு பத்து மணிக்குப் பட்டறைக்கு வரும். "அண்ணா, பிரேக் கொஞ்சம் கீழே போகுது, டைட் பண்ணி விட்டாப் போதும்ணா, விடியறதுக்குள்ள ஓசூர் தாண்டணும்" என்பார் ஓட்டுநர். நான் அடியில் படுத்து, பழைய பழக்கத்தில் ஆறு சக்கரத்துக்கும் போல்ட்டைத் திருகிவிட்டு எழுந்து வருவேன். பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஓட்டுநர் மகிழ்ச்சியாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். இப்படி ஏறக்குறைய ஐந்தாண்டுகள் செய்திருக்கிறேன்.

உதிரிபாகம் விற்பவர்கள் ஏற்பாடு செய்த ஒருநாள் வகுப்பில்தான் அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரிந்தது. தானாக இறுக்கிக்கொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கிறது என்றால், கேம் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் ஆணி தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அட்ஜஸ்டரின் உள்ளேயே பழுது இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் வெளியிலிருந்து கையால் திருகினால் அந்த நேரத்துக்குப் பிடிப்பு வரும், உள்ளே இருக்கும் பழுது அப்படியே இருக்கும், சில நூறு கிலோமீட்டரில் மறுபடி தளர்ந்துவிடும். அடிக்கடி திருகுவதால் அட்ஜஸ்டரும் கெடும். நான் இறுக்கிவிட்ட வண்டிகள் ஓசூர் தாண்டி, கர்நாடகம் தாண்டி, சரக்கை இறக்கிவிட்டு வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இறங்கி வந்தது அதே தொப்பூரில்தான். அன்று மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வண்டிகளில் எதற்கும் என்னால் தீங்கு நேர்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை. ஆனால் தகவல் என்னிடம் வந்து சேரும் வழியும் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒருவனுக்கு இந்த அடிப்படைச் செய்தி தற்செயலாக, ஒரு வியாபாரியின் தயவில்தான் கிடைத்தது என்பதைத் தங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கனரக வாகனத்தை ஓட்டுகிறவருக்கு அதற்கென்று தனி உரிமம் தேவை, அதை அவர் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். பெட்ரோல், எரிவாயு போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்பவருக்கு அதற்கு மேலும் தனிப் பயிற்சி தேவை. 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகக் கூடியது. அவ்வளவு எடையையும் நிறுத்துகிற பாகங்களைக் கழற்றி மாட்டும் எனக்கு, ஒரு ஸ்பானரும் பட்டறைக்கு ஓர் இடமும் தவிர வேறு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக் ஆகிய பாடப் பிரிவுகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன, அவை நல்ல படிப்புகளே. ஆனால் அவற்றில் தேறும் பிள்ளைகளில் பலர் வாகனத் தொழிற்சாலைகளின் அசெம்பிளி பிரிவுக்கோ கம்பெனி சர்வீஸ் நிலையங்களுக்கோ போய்விடுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துத் தெருவோரப் பட்டறைகளில் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் என்னைப் போலப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். எங்கள் கைகளுக்கு வேலை நன்றாகத் தெரியும். பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரத்தில் வரும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கத்து பேரிங் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் கற்றுக் கொடுத்தவருக்குத் தெரியாதது எங்களுக்கும் தெரியாமலே போய்விடுகிறது. இடையில் வண்டி மாறிவிட்டது.

அந்த மாற்றம் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 (பி.எஸ். 6) என்னும் புகை கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில்தான் முழுதாகத் தெரிகிறது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக 32.5 சதவீதம் யூரியா கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருக்கிறது. கரித்தூளைப் பிடித்து எரிக்கச் சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டீசல் பம்ப், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் எரிபொருளை அனுப்புகிறது. கசிவு எங்கே என்று பழைய பழக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தால் அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதை எங்கள் பையன்களுக்கு நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒருவர் விலை குறைவு என்று வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடுகிறார். அதில் இருக்கும் அழுக்கும் உப்பும் படிந்து, திரவத்தைத் தெளிக்கும் நாசில் அடைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் குறையைக் கண்டு என்ஜினின் இழுவைத் திறனைக் குறைத்துவிடுகிறது. ஏற்றத்தில் வண்டி மாடு போல நின்றுவிட, ஓட்டுநர் எங்களைத்தான் கூப்பிடுகிறார்.

நாங்கள் போய் என்ன செய்வது? சந்தையில் கிடைக்கும் பொதுவான ஸ்கேனரை மாட்டினால் குறையின் எண் தெரியும். அந்த எண்ணைச் சரிசெய்த பிறகு வடிகட்டியைக் கட்டாயமாக எரித்துச் சுத்தம் செய்யும் கட்டளையோ, சென்சார் மாற்றியதைக் கம்ப்யூட்டருக்குப் பதிவுசெய்யும் கட்டளையோ பல வண்டிகளில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளால் மட்டுமே கொடுக்க முடியும். இந்த இடத்தில்தான் தவறான வேலைகள் நுழைகின்றன. மாதத் தவணை, டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு என்று நான்கு பக்கமும் நெருக்கடியில் இருக்கும் ஒரு வண்டிக்காரர், அந்த யூரியா அமைப்பையே ஏமாற்றும் கருவியைப் பொருத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதில்லை. ஆனால் செய்பவர் மீது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். சரியான வழி அவருக்கு அடைபட்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் நலத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது நல்ல தொடக்கம். கனரக வாகனங்களின் பழுதுபார்ப்புக் கையேடும் மென்பொருளும், நியாயமான கட்டணத்தில், பயிற்சி பெற்ற வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கும் நிலை அதிலிருந்து வர வேண்டும். அவை தமிழிலும் வர வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

இந்த வேலையில் எங்கள் உடலுக்கு நேர்வது பற்றியும் ஓரிரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். காற்று இறங்கிவிட்டால் வண்டி உருளாமல் பிடித்து நிறுத்துவதற்காகப் பின் சக்கரங்களின் சேம்பருக்குள் மிக வலிமையான ஒரு சுருள் ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் முன் அதற்கென்று உள்ள நீண்ட போல்ட்டை உள்ளே செலுத்தி ஸ்பிரிங்கைக் கட்டிவிட வேண்டும். நான் இளைஞனாக வேலை செய்த ஒரு பட்டறையில், பதினாறு வயதுப் பையன் ஒருவன், யாரும் சொல்லிக் கொடுக்காததால், அந்தப் போல்ட்டைப் போடாமல் சேம்பரின் வளையத்தைக் கழற்றினான். வெடிச் சத்தம்தான் முதலில் கேட்டது. நான் எதிர்ப் பக்கச் சக்கரத்தில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் முகத்தைக் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தான், விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. ஒரு கண் போய்விட்டது. பட்டறை உரிமையாளர் மருத்துவமனைச் செலவைக் கொடுத்தார், அதோடு முடிந்தது. அவனுக்குக் காப்பீடு இல்லை, அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் என்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவுசெய்துகொள்வதில் நாங்களும் அலட்சியமாகத்தான் இருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் தூசியை ஊதுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை எத்தனை ஆண்டுகள் நான் சுவாசித்தேன் என்று கணக்கிட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இப்போது என் பட்டறையில் ஈரத் துணியால் துடைத்த பிறகே வேலையைத் தொடங்குகிறோம்.

சரி, என்னதான் வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மின் ஒயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் நிரம்பியவர்கள், ஐ.டி.ஐ. படித்திருக்காவிட்டாலும், அரசு நடத்தும் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அந்த வேலைக்கு அரசு கொடுத்த மதிப்பை லாரியின் பிரேக், ஸ்டியரிங் வேலைக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஐந்தாண்டு அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருவர், அரசு ஐ.டி.ஐ.யில் மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமைகளிலோ இரண்டு மாதம் வகுப்புக்குப் போய், ஏர் பிரேக், ஸ்டியரிங், பி.எஸ். 6 அமைப்பு, தொழில் பாதுகாப்பு ஆகியவற்றில் செய்முறைத் தேர்வு கொடுத்து, சான்றிதழ் பெற வழி வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்த தமிழ்நாடு அரசு 2022-இல் ஒப்பந்தம் செய்தது. அங்கெல்லாம் பகலில் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன பிறகு மாலையில் அந்தக் கூடங்களின் விளக்கை அணைக்காமல் எங்களுக்கும் திறந்துவைத்தால் போதும். தேர்வைத் தமிழில், பெரும்பகுதி கையால் செய்து காட்டும் தேர்வாக வைக்க வேண்டும். எழுதச் சொன்னால் எங்களில் பலர் பயந்து வராமல் போய்விடுவார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சான்றிதழ் இல்லாதவர் நாளை முதல் லாரியைத் தொடக் கூடாது என்று திடீரென ஆணை பிறப்பித்தால், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும், வண்டிகளும் நின்றுவிடும். முதலில் பயிற்சி, பிறகு சில ஆண்டு அவகாசம், அதன் பிறகு பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடுபவருக்கு மட்டும் கட்டாயம் என்று படிப்படியாகப் போக வேண்டும். வண்டிக்கான தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) அதைக் காட்டும் நாளுக்கு முன்பு மட்டும் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, பிரேக்கை இறுக்கிக் கொண்டுபோகும் வழக்கமும் அப்போது தானாகக் குறையும் என்று நம்புகிறேன். எட்டு ஆண்டு வரையான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை என்பதுதான் தகுதிச் சான்று விதி. வடநாட்டுக்கு ஓடும் வண்டியின் லைனிங் அதுவரை காத்திருப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த வண்டியைப் பார்ப்பவர் மெக்கானிக் ஒருவர்தான்.

அந்த ஒருநாள் வகுப்புக்குப் பிறகு என் பட்டறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிரேக் வேலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும், ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, கிளீனரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்திலும் ராடு எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்பதை வேலைக்கு முன்பும் பின்பும் அளந்து, தேதியோடு எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குகிறேன். ஆரம்பத்தில் ஓட்டுநர்கள் சலித்துக்கொண்டார்கள். இப்போது சிலர் தாங்களே குனிந்து பார்த்து, "அண்ணா, இடது பின் சக்கரம் போன தடவையைவிட ஆறு மில்லி கூடியிருக்கு" என்கிறார்கள். அடுத்த முறை தங்கள் செய்தியாளர் தொப்பூர் விபத்து ஒன்றைப் பற்றி எழுதச் செல்லும்போது, அந்த வண்டியின் ராடு அளவை யாராவது எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று காவல் துறையினரிடமும் வண்டிக்காரரிடமும் கேட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அளவை எடுப்பது எப்படி என்று அவர் நேரில் பார்க்க விரும்பினால், எந்த நாள் வந்தாலும் வண்டிக்கு அடியில் படுத்துக் காட்டுவதற்கு நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
நாமக்கல்.